மூன்று வெள்ளைத் தூள்கள்: ஹேலைடு சோதனைகளை முதன்முதலாகச் செய்பவர்களுக்கு

மேசையில் மூன்று வாட்ச் கிளாஸ். மூன்றிலும் வெள்ளைத் தூள். ஒன்று சோடியம் குளோரைடு, ஒன்று பொட்டாசியம் புரோமைடு, இன்னொன்று பொட்டாசியம் அயோடைடு. எது எது என்று கண்டுபிடித்து ரெக்கார்டு நோட்டில் எழுத வேண்டும். பன்னிரண்டாம் வகுப்போ கல்லூரி முதலாமாண்டோ, உப்புப் பகுப்பாய்வுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் திணறுவது இங்கேதான். கண்ணுக்கு மூன்றும் ஒன்றுதான். பொட்டாசியம் அயோடைடு பாட்டில் பழையதாக இருந்தால் தூள் லேசாக மஞ்சளடித்திருக்கும். சும்மா கிடைக்கிற துப்பு அது ஒன்றுதான்.

மாணவர்களுக்குப் பக்கத்தில் நின்று பார்த்ததில் எனக்குத் தெரிந்தது இது: தப்பாக எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் சோதனையைத் தப்பாகச் செய்வதில்லை. வீழ்படிவின், அதாவது கரைசலில் கரையாமல் விழும் திண்மத்தின், நிறத்தைப் பார்த்த உடனே முடிவை எழுதிவிடுகிறார்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் வெள்ளைக்கும் வெளிர்மஞ்சளுக்கும் நடுவே கோடு போட முடியாது. நிறத்தைப் பார்த்து ஊகிக்கலாம், தப்பில்லை. ஆனால் அடுத்த பாட்டிலில் இருக்கும் அம்மோனியாவை ஊற்றிப் பார்க்காமல் பேனாவை எடுக்காதீர்கள். ஏன் என்பதைக் கீழே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் குடும்பத்தைத் தெரிந்துகொள்வோம்

பாடப்புத்தகத்தில் ஹேலஜன் என்றிருக்கும். ஆலசன், உப்பீனி என்றும் எழுதுவார்கள். உப்பை ஈனுவதால் உப்பீனி. எனக்குப் பிடித்த சொல் அதுதான், ஆனால் ஆய்வகத்தில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆவர்த்தன அட்டவணையின் 17-ஆம் தொகுதி இவர்களுடைய தெரு. ஃபுளூரின், குளோரின், புரோமின், அயோடின் என்ற நால்வரைத் தெரிந்துகொண்டால் போதும். ஐந்தாவதான அஸ்டடைன் கதிரியக்கம் கொண்டது. அதன் ஐசோடோப்புகளில் அதிக நாள் தாங்குவதே எட்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். நீங்கள் அதைத் தொடப்போவதில்லை.

ஃபுளூரின் வெளிர்மஞ்சள் வாயு. அதையும் ஆய்வகத்தில் பார்க்க மாட்டீர்கள். அதைப் பிரித்தெடுக்க முயன்ற வேதியியலாளர்கள் பலர் நஞ்சேறி நோயாளியானார்கள், சிலர் உயிரையே விட்டார்கள். கடைசியில் 1886-இல் பிரான்சின் ஆன்றி முவாசான் மின்னாற்பகுப்பு மூலம் பிரித்தார். 1906-இல் நோபல் பரிசு கிடைத்தது. குளோரின் பசுமஞ்சள் வாயு, காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனம். அதனால் தரையோடு தரையாகப் படரும். புரோமின் செம்பழுப்புத் திரவம். அறை வெப்பநிலையில் திரவமாக இருக்கும் அலோகம் இது ஒன்றே. 59 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், ஆனால் மூடியைத் திறந்தாலே பழுப்புப் புகை எழும்பும். கிரேக்க மொழியில் நாற்றம் என்ற சொல்லிலிருந்துதான் அதற்குப் பெயரே வந்தது. அயோடின் கருஞ்சாம்பல் நிறத் திண்மம், உலோகம் மாதிரி மினுங்கும், ஆவி அழகான ஊதா.

அயோடினைப் பற்றி ஒரு திருத்தம். "அயோடின் உருகாது, நேரடியாக ஆவியாகும்" என்று பலர் மனப்பாடம் செய்திருக்கிறார்கள். அது உருகும், 114 டிகிரியில். மெதுவாகச் சூடாக்கினால் உருகுவதற்கு முன்பே ஆவி நிறைய வந்துவிடுகிறது, அவ்வளவுதான். சோதனைக் குழாயைச் சட்டென்று சூடாக்கினால் அடியில் கருநிறத் திரவம் உருளுவதைப் பார்க்கலாம்.

நால்வரையும் மேலிருந்து கீழே வரிசையாகப் பார்த்தால் வாயு, வாயு, திரவம், திண்மம். அணு பெரிதாக ஆக மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள வான்டர் வால்ஸ் ஈர்ப்பு கூடுகிறது, கொதிநிலை ஏறுகிறது. எலக்ட்ரானைப் பிடுங்கும் சக்தியோ எதிர்த்திசையில் போகிறது. அந்தச் சக்தியை அளக்கும் திட்ட மின்முனை மின்னழுத்தம் ஃபுளூரினுக்கு 2.87 வோல்ட், குளோரினுக்கு 1.36, புரோமினுக்கு 1.07, அயோடினுக்கு 0.54. மேலே இருப்பவர் கீழே இருப்பவரின் எலக்ட்ரானைப் பறிப்பார். அதையே திருப்பிச் சொன்னால், ஹேலைடு அயனிகளில், அதாவது ஓர் எலக்ட்ரானைப் பிடித்துக்கொண்ட ஹேலஜன்களில், அயோடைடுதான் எலக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுக்கும், ஃபுளூரைடு விடவே விடாது. இந்த ஒரு விஷயம் மனதில் இருந்தால் கீழே வரும் சோதனைகளில் பாதியை மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

வைவா என்ற வாய்மொழித் தேர்வில், வெளியிலிருந்து வரும் எக்ஸ்டர்னல்கள் விரும்பிக் கேட்கும் கேள்வி ஒன்று இங்கே உண்டு. எலக்ட்ரான் நாட்டம், அதாவது அணு ஓர் எலக்ட்ரானை ஏற்கும்போது வெளிவிடும் ஆற்றல், குளோரினுக்குத்தான் அதிகம், மோலுக்கு 349 கிலோஜூல், ஃபுளூரினுக்கு 328. அப்படியிருக்க எலக்ட்ரானைப் பிடுங்குவதில், அதாவது ஆக்சிஜனேற்றியாக, ஃபுளூரின் எப்படி வலுவானது? ஃபுளூரின் மூலக்கூறின் பிணைப்பு பலவீனமானது. அதை உடைக்க 158 கிலோஜூல் போதும், குளோரினுக்கு 242 வேண்டும். அப்புறம், சின்னஞ்சிறிய ஃபுளூரைடு அயனியைத் தண்ணீர் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்போது வெளிப்படும் ஆற்றலும் மிக அதிகம். இந்த இரண்டும் சேர்ந்து கணக்கை ஃபுளூரின் பக்கம் சாய்த்துவிடுகின்றன.

கையில் எடுப்பதற்கு முன்

குளோரின் வேறு, குளோரைடு வேறு. புதியவர்கள் அதிகம் குழப்பிக்கொள்வது இதைத்தான். தூத்துக்குடி உப்பளத்தில் குவிந்து கிடப்பது குளோரைடு. அது நிறத்தை வெளுக்காது, மூச்சை அடைக்காது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 19 கிராம் இருக்கிறது. ஊராட்சி மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலந்தபின் மூக்கில் ஏறுகிறதே, அது குளோரின் சமாச்சாரம். வெள்ளி நைட்ரேட் சோதனை குளோரைடு அயனிக்கு உரியது. லிட்மஸை வெளுப்பது குளோரினின் வேலை.

அடுத்தது தண்ணீர். நான் மாணவனாக இருந்தபோது ஒருநாள் வாஷ் பாட்டிலில் டிஸ்டில்டு வாட்டர் தீர்ந்துவிட்டது. யார் பார்க்கப்போகிறார்கள் என்று குழாயில் பிடித்துக்கொண்டேன். வெள்ளி நைட்ரேட் விட்டதும் பால் மாதிரி வெண்கலங்கல். குளோரைடு என்று எழுதினேன். எனக்குக் கொடுத்திருந்த உப்பு நைட்ரேட். குழாய்த் தண்ணீரில், அதிலும் போர்வெல் தண்ணீரில், இந்தச் சோதனைக்குத் தெரியும் அளவுக்குக் குளோரைடு தாராளமாக இருக்கும். அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம்: உப்பே போடாமல், தண்ணீரும் அமிலமும் வெள்ளி நைட்ரேட்டும் மட்டும் சேர்த்து ஒரு சோதனைக் குழாய் பக்கத்தில் வைத்துவிடுவேன். இதுதான் வெற்றுச் சோதனை. அது தெளிவாக இருந்தால் மட்டுமே மற்றதை நம்பலாம். ஒரு நிமிட வேலை.

வெள்ளி நைட்ரேட் பழுப்பு பாட்டிலில்தான் இருக்கும். வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும். விரலில் பட்டால் உடனே ஒன்றும் தெரியாது, சாயங்காலம் கருப்புப் புள்ளியாக முளைக்கும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

வெள்ளி நைட்ரேட் சோதனை

ஒரு உளுந்து அளவு உப்பை 2 மில்லிலிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் கரையுங்கள். அதிகம் போட்டால் அதிகம் தெரியும் என்று நினைக்க வேண்டாம். கெட்டியான வீழ்படிவு பின்னால் அம்மோனியாவில் கரையாமல் அடம்பிடிக்கும், குளோரைடையே புரோமைடு என்று எழுத வைத்துவிடும்.

இப்போது நீர்த்த நைட்ரிக் அமிலம் நாலைந்து சொட்டு. இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கிறவர்கள் நிறையப் பேர். உப்பில் கார்பனேட் இருந்தால் வெள்ளி கார்பனேட் வெளிர்மஞ்சளாக விழுந்து புரோமைடு மாதிரி வேஷம் போடும். நைட்ரிக் அமிலம் கார்பனேட்டை வாயுவாக விரட்டிவிடுகிறது. ஏன் நைட்ரிக் மட்டும்? ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் குளோரைடை நீங்களே கொண்டுவந்து கொட்டுகிறீர்கள். சல்பூரிக் அமிலம் ஊற்றினால் வெள்ளி சல்பேட் வெள்ளையாக விழ வாய்ப்புண்டு. நைட்ரேட் உப்புகள் எல்லாம் நன்றாகக் கரைபவை, வம்பில்லை.

உப்பு தண்ணீரில் கரையவில்லை என்றால் சோடியம் கார்பனேட் சாறு எடுக்க வேண்டும். உப்போடு இரண்டு மூன்று பங்கு சோடியம் கார்பனேட் சேர்த்து, தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டினால் கிடைப்பதுதான் அது. பெயரிலேயே கார்பனேட் இருக்கிறது பாருங்கள். இதற்கு நாலைந்து சொட்டு அமிலம் போதவே போதாது. நுரைத்துப் பொங்குவது முழுக்க நிற்கும்வரை விட்டு, நீல லிட்மஸ் சிவப்பாகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள். சாறெடுத்துச் செய்தவர்கள் தப்பான விடை எழுதினால் நான் முதலில் கேட்பது, "லிட்மஸ் போட்டுப் பார்த்தாயா?" என்றுதான்.

சரி, இனி வெள்ளி நைட்ரேட் கரைசலை மூன்று நான்கு சொட்டு விடுங்கள். குளோரைடு என்றால் வெள்ளை. முதலில் பால் கலங்கியதுபோல இருக்கும், குழாயைக் குலுக்கினால் திரிந்து கட்டிகட்டியாகத் திரளும். புத்தகத்தில் "தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு" என்று எழுதியிருப்பது இதைத்தான். கெட்டித் தயிரைவிட, எலுமிச்சை பிழிந்த பால் திரிகிற காட்சிக்கு இது நெருக்கம் என்பேன். புரோமைடு என்றால் வெளிர்மஞ்சள், புதிதாக உருக்கிய வெண்ணெய் ஆறும்போது இருக்கும் நிறம். அயோடைடு என்றால் தெளிவான மஞ்சள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும். பரீட்சையில் உங்கள் கையில் ஒன்றுதான் இருக்கும், அதுதான் சிக்கல்.

ஜன்னலோரம் வைத்துவிட்டு நேரம் கடத்தாதீர்கள். வெள்ளி குளோரைடு வெளிச்சத்தில் மெல்ல ஊதா கலந்த சாம்பலாகிவிடும், புரோமைடும் கருக்கும். கருப்பு வெள்ளைப் புகைப்படங்கள் இந்தக் குணத்தை நம்பித்தான் இருந்தன. படச்சுருளில் பூசியிருந்த வெள்ளி ஹேலைடுகளில் முக்கியமானது வெள்ளி புரோமைடு.

அம்மோனியா சொல்லும் பதில்

வீழ்படிவு அடியில் தங்கட்டும். மேலே நிற்கும் தெளிந்த நீரை மெல்லச் சாய்த்துக் கொட்டுங்கள். டிஸ்டில்டு வாட்டர் விட்டு ஒருமுறை அலசி, அதையும் கொட்டுங்கள். அலசாமல் அம்மோனியா ஊற்றினால் அதில் பாதி மிச்சமிருக்கும் நைட்ரிக் அமிலத்தைச் சமன்செய்யவே போய்விடும். கரையவில்லையே என்று நீங்கள் குழம்புவீர்கள்.

அலசிய வீழ்படிவில் நீர்த்த அம்மோனியாக் கரைசல் 2 மில்லிலிட்டர் விட்டுக் குலுக்குங்கள். குளோரைடு என்றால் சில நொடிகளில் காணாமல் போகும். குழாயில் தண்ணீர்தான் இருக்கிறது என்று தோன்றும் அளவுக்குத் தெளிவு. வெள்ளி அயனியை இரண்டு அம்மோனியா மூலக்கூறுகள் கவ்விக்கொண்டு கரையும் அணைவு அயனியாக மாற்றிவிடுகின்றன. உறுதி செய்ய வேண்டுமா? அதிலேயே நைட்ரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக, லிட்மஸ் சிவக்கும்வரை விடுங்கள். அம்மோனியா அமிலத்தோடு போய்ச் சேர, தனியே விடப்பட்ட வெள்ளி மறுபடி குளோரைடைப் பிடித்து வெள்ளையாக விழும். இதைச் செய்து காட்டும் மாணவரைப் பார்த்தால் எனக்குத் தனி மகிழ்ச்சி.

நீர்த்த அம்மோனியாவில் கரையவில்லையா? நச்சுப் புகையை வெளியே இழுக்கும் ஃபியூம் ஹூட்டுக்குள் போய் அடர் அம்மோனியாவை விடுங்கள். இப்போது கரைந்தால் புரோமைடு. அதற்கும் அசையாமல் உட்கார்ந்திருந்தால் அயோடைடு. ஒரு எச்சரிக்கை: வெள்ளி அயோடைடு அம்மோனியாவில் கரையாது, ஆனால் அதன் மஞ்சள் வெளிறி ஏறக்குறைய வெள்ளையாகிவிடும். நிறம் போனதைக் கரைந்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குழாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து அடியில் தூள் நிற்கிறதா என்று பாருங்கள்.

காரணம் எளிது. தண்ணீரில் கரையும் தன்மை மூன்றுக்கும் ஒன்றல்ல. வெள்ளி குளோரைடே லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம்தான் கரையும். புரோமைடு அதிலும் குறைவு, அயோடைடு இன்னும் எத்தனையோ மடங்கு குறைவு. கரைதிறன் பெருக்கம் (இந்த எண் சிறிதாக ஆகக் கரைவதும் குறையும்) முதலாவதுக்கு 10-இன் மைனஸ் 10-ஆம் அடுக்கில் நிற்கிறது, கடைசிக்கு மைனஸ் 17-இல். அம்மோனியா இழுக்கிற இழுப்பு முதலாவதற்குப் போதும், இரண்டாவதற்குப் பலம் கூட்டினால் போதும், மூன்றாவதை அசைக்காது. பழைய ஸ்டுடியோக்காரர்கள் ஹைப்போ என்று சொல்லும் சோடியம் தயோசல்பேட் அம்மோனியாவைவிடப் பலமாக இழுக்கும். அதனால்தான் வெளிச்சம் படாத வெள்ளி உப்பைப் படச்சுருளிலிருந்து கழுவி எடுக்க அதைப் பயன்படுத்தினார்கள்.

அடர் சல்பூரிக் அமிலத்தோடு

இது ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும், ஃபியூம் ஹூட்டில் மட்டும். உலர்ந்த குழாயில் அரை உளுந்து அளவு உப்பு, மூன்று நான்கு சொட்டு அமிலம், குழாயின் வாய் யார் முகத்தையும் பார்க்கக் கூடாது. வாயுவை மூக்கருகே கொண்டுபோகவே வேண்டாம்.

குளோரைடு என்றால் காற்றில் புகையும் நிறமற்ற வாயு வரும், அது ஹைட்ரஜன் குளோரைடு. அம்மோனியாவில் தோய்த்த கண்ணாடிக் குச்சியை வாயருகே காட்டினால் அடர்ந்த வெண்புகை. புரோமைடு என்றால் அதோடு செம்பழுப்பு ஆவி. அயோடைடு என்றால் ஊதா ஆவி, குழாயின் சுவரில் கருந்துகள்கள், சில சமயம் அழுகிய முட்டை நாற்றம், மஞ்சள் கந்தகப் படிவு என்று ஒரு கலவரமே நடக்கும்.

மேலே சொன்ன எலக்ட்ரான் கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள். குளோரைடால் சல்பூரிக் அமிலத்தை ஒடுக்க, அதாவது அதற்கு எலக்ட்ரானைக் கொடுக்க, முடியாது, ஹைட்ரஜன் குளோரைடாக வெளியேறுவதோடு சரி. புரோமைடு அதைச் சல்பர் டைஆக்சைடு வரை ஒடுக்கித் தான் புரோமினாகிறது. அயோடைடு இன்னும் தாராளமாக எலக்ட்ரானைக் கொடுப்பதால் அமிலம் கந்தகம், ஹைட்ரஜன் சல்பைடு வரை இறங்கிப்போகிறது. ஆய்வகத்தில் ஹைட்ரஜன் புரோமைடோ ஹைட்ரஜன் அயோடைடோ தயாரிக்கச் சல்பூரிக் அமிலத்தை விட்டுவிட்டுப் பாஸ்பாரிக் அமிலத்தை எடுப்பதும் இதனால்தான்.

பழுப்பு ஆவி வந்ததும் புரோமைடு என்று குதிக்காதீர்கள். நைட்ரேட்டும் இதே அமிலத்தோடு பழுப்பு ஆவி தரும், அது நைட்ரஜன் டைஆக்சைடு. ஸ்டார்ச் தடவிய ஈரத் தாளைக் காட்டினால் புரோமின் அதை ஆரஞ்சு மஞ்சளாக்கும், நைட்ரஜன் டைஆக்சைடு ஆக்காது. குழாயில் செம்புத் துருவல் ஒன்றிரண்டு போட்டுச் சூடாக்கினால், நைட்ரேட்டில் பழுப்பு இன்னும் அடர்த்தியாகி, கரைசல் நீலம் பாயும். அயோடைடு கலந்த ஸ்டார்ச் தாளை இதற்கு எடுக்க வேண்டாம். இரண்டு வாயுவும் அதை நீலமாக்கிவிடும்.

குளோரைடை உறுதிசெய்யும் குரோமைல் குளோரைடு சோதனை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உலர்ந்த உப்போடு மூன்று பங்கு பொட்டாசியம் டைகுரோமேட், பிறகு அடர் சல்பூரிக் அமிலம், லேசான சூடு. சிவந்த ஆவி வந்தால் அதைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலுக்குள் செலுத்த வேண்டும், கரைசல் மஞ்சளாகும். அதில் அசிட்டிக் அமிலமும் லெட் அசிடேட்டும் சேர்த்தால் மஞ்சள் வீழ்படிவு. புரோமினும் சிவப்பாகத்தான் வரும், ஆனால் சோடியம் ஹைட்ராக்சைடில் நிறமிழக்கும், மஞ்சள் நிற்காது. குழாயில் ஈரம் இருந்தால் சோதனை படுத்துவிடும். மெர்க்குரிக் குளோரைடு இதற்கு விடை தராது. டைகுரோமேட் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது, ஈயம் நஞ்சு. வெள்ளி நைட்ரேட்டும் அம்மோனியாவும் தெளிவாகப் பதில் சொல்லிவிட்டால் இதைச் செய்ய எனக்கு மனமில்லை. ஆனால் ரெக்கார்டு நோட்டு கேட்டால் செய்துதான் ஆக வேண்டும்.

இடப்பெயர்ச்சி: பார்க்க அழகான சோதனை

புரோமைடு, அயோடைடின் எலக்ட்ரானைக் குளோரின் பறித்து, அவற்றைப் புரோமினாகவும் அயோடினாகவும் வெளியேற்றுவதுதான் இடப்பெயர்ச்சி. இதற்கு வேண்டியது புதிதாகத் தயாரித்த குளோரின் நீர், கொஞ்சம் ஹெக்சேன். குளோரின் நீர் பழையதாக இருந்தால் வேலைக்காகாது. வெளிச்சத்தில் அதிலிருக்கும் ஹைப்போகுளோரஸ் அமிலம் ஆக்சிஜனை விட்டுவிட்டு வெறும் ஹைட்ரோகுளோரிக் அமிலமாகிவிடும். பசுமஞ்சள் சாயல் இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். ஹெக்சேன் எளிதில் தீப்பற்றும், பக்கத்தில் பர்னர் எரியக் கூடாது.

உப்புக் கரைசல் 2 மில்லிலிட்டர், நீர்த்த அமிலம் இரண்டு சொட்டு, ஹெக்சேன் 1 மில்லிலிட்டர். ஹெக்சேன் எண்ணெய் மாதிரி மேலே மிதக்கும். இப்போது குளோரின் நீரை ஒரே ஒரு சொட்டு விட்டு, மூடிக் குலுக்கி நிறுத்துங்கள். மேலடுக்கு ஆரஞ்சானால் புரோமைடு. ஊதாவானால் அயோடைடு. நிறமே இல்லை, அல்லது குளோரின் நீரின் சாயல் மட்டும்தான் என்றால் இரண்டும் இல்லை. தண்ணீரில் அயோடின் பழுப்பாகத் தெரியும், புரோமினும் செறிவாக இருந்தால் பழுப்பாகத்தான் தெரியும். ஹெக்சேனுக்குள் போனால்தான் அயோடின் தன் ஊதாவைக் காட்டும். அதனால்தான் அந்த மேலடுக்கு.

ஒரு சொட்டு என்று சொன்னேனே, அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அயோடைடு கரைசலில் குளோரின் நீரைக் கொட்டிவிட்டால் ஊதா வந்த வேகத்தில் மறைந்துவிடும். அதிகமாக உள்ள குளோரின் அயோடினை நிறமற்ற அயோடிக் அமிலமாக்கிவிடுகிறது. நீங்கள் கண் சிமிட்டிய நேரத்தில் விடை வந்து போயிருக்கும். புரோமைடும் அயோடைடும் கலந்த உப்பு கிடைத்தவர்களுக்கு இதே குணம் வரம். சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வந்தால் முதலில் மேலடுக்கு ஊதாவாகும். இன்னும் விட ஊதா வெளுக்கும். அதன்பின் ஆரஞ்சு எழும். ஒரே குழாயில் இரண்டு பேரும் முறை வைத்து வந்துபோவார்கள்.

சமையலறையில் பார்க்கக்கூடியவை

சாதம் வடித்த கஞ்சியை நன்றாக ஆறவிட்டு, தண்ணீர் சேர்த்து நீர்க்கச் செய்துகொள்ளுங்கள். அதில் காயத்துக்குப் போடும் பெட்டாடின் ஒரு சொட்டு. கருநீலமாகும். அதிலிருக்கும் அயோடின், ஸ்டார்ச்சின் சுருளுக்குள் நுழைந்துகொள்வதால் வரும் நிறம் இது. அந்தக் கஞ்சியைச் சூடாக்கினால் நீலம் போய்விடும், ஆறினால் பெரும்பாலும் திரும்பி வரும். சூடான கரைசலில் ஸ்டார்ச் சோதனை செய்யக் கூடாது என்று ஏன் சொல்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை. எலுமிச்சைச் சாறு பிழிந்தாலும் நீலம் போகும், ஆனால் அது திரும்பாது. அதிலிருக்கும் வைட்டமின் சி, அயோடினை அயோடைடாக ஒடுக்கிவிடுகிறது.

இதைப் பார்த்த உற்சாகத்தில் பலரும் அடுத்துச் செய்வது, அயோடின் உப்பைக் கஞ்சியில் போட்டு நீலத்துக்காகக் காத்திருப்பது. வராது. "அப்படியானால் பாக்கெட்டில் போட்டிருப்பது பொய்யா?" என்று கேட்பார்கள். பொய்யில்லை. இந்தியாவில் உப்பில் சேர்ப்பது பொட்டாசியம் அயோடேட், தனி அயோடின் அல்ல. வீட்டுக்கு வரும்போது பத்து லட்சத்துக்குக் குறைந்தது 15 பங்கு அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. ஈரத்திலும் வெயிலிலும் அயோடைடைவிட அயோடேட் நிலையாக இருக்கும் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஸ்டார்ச்சுக்கு அயோடேட்டும் தெரியாது, அயோடைடும் தெரியாது, அயோடின்தான் தெரியும்.

அதை வரவழைக்கும் வழி: இரண்டு ஸ்பூன் உப்பைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, ஆறிய கஞ்சி சில சொட்டு, ஆய்வகத்திலிருந்து பொட்டாசியம் அயோடைடு கரைசல் சில சொட்டு, கடைசியில் வினிகர். அமிலத்தில் அயோடேட்டும் அயோடைடும் ஒன்றோடொன்று வினைபுரிந்து அயோடினைத் தரும், நீலம் எழும். வினிகருக்குப் பதில் எலுமிச்சையை எடுத்தால் என்ன ஆகும் என்று மேலே படித்ததிலிருந்தே சொல்லிவிடலாம். அயோடின் சேர்க்காத உப்பை வைத்து இன்னொரு குழாயும் செய்யுங்கள். பொட்டாசியம் அயோடைடு கரைசல் பழையதாக இருந்தால் எந்த உப்பும் இல்லாமலே நீலம் காட்டி ஏமாற்றும்.

செய்யவே கூடாத ஒன்றும் சமையலறைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை கழுவும் ஆசிட்டையும் ஒரே பக்கெட்டில், ஒரே கோப்பையில் சேர்க்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். கதவு மூடிய சின்னக் குளியலறையில் அது மூச்சைப் பிடித்துவிடும். 1915-இல் இப்ரே போர்க்களத்தில் ஜெர்மானியர்கள் சிலிண்டர் சிலிண்டராகத் திறந்துவிட்டதும் இதே வாயுதான். அந்த நெடி வந்தால் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம், நீங்கள் வெளியே வாருங்கள், கதவு ஜன்னலைத் திறந்தே விடுங்கள்.

குடிநீரில் அதே குளோரின் கொஞ்சம் மிச்சமிருப்பது நல்லது. இந்தியத் தரநிர்ணயப்படி கிருமிநீக்கம் செய்த நீரில் எஞ்சிய குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும்.

ஃபுளூரைடு வந்தால்

வெள்ளி நைட்ரேட் விட்டும் ஒன்றுமே விழவில்லை என்றால் ஹேலைடு இல்லை என்று எழுதிவிடாதீர்கள். வெள்ளி ஃபுளூரைடு தண்ணீரில் அமோகமாகக் கரையும், லிட்டருக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல். கால்சியம் குளோரைடு கரைசல் விட்டுப் பாருங்கள். ஃபுளூரைடு இருந்தால் வெண்மையான கால்சியம் ஃபுளூரைடு கலங்கலாக எழும். ஆனால் கார்பனேட்டும் சல்பேட்டும் இதே வேலையைச் செய்யக்கூடும் என்பதால் இதை மட்டும் நம்ப முடியாது. சிர்கோனியம் அலிசரின் கரைசல் இன்னும் நல்லது. அதன் சிவப்பை ஃபுளூரைடு மஞ்சளாக்கிவிடும். அடர் சல்பூரிக் அமிலத்தை ஃபுளூரைடு உப்பின்மேல் விடும் பழைய முறையை மட்டும் செய்து பார்க்க வேண்டாம். வெளிவரும் ஹைட்ரஜன் ஃபுளூரைடு கண்ணாடியை அரிக்கும், தோலுக்குள் இறங்கி எலும்பில் உள்ள கால்சியம் வரை தேடிப்போகும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து மாணவர்களுக்கு இது பாடப்புத்தகச் சமாச்சாரம் மட்டுமல்ல. அங்கே பாறைக்குள் இருக்கும் ஃபுளூரைடு கிணற்று நீரில் கரைந்து வந்து பல்லிலும் எலும்பிலும் படிந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே, இந்தப் பாதிப்பைக் குறிக்கும் ஃபுளூரோசிஸ் என்ற சொல் இருக்கிறது. குடிநீரில் விரும்பத்தக்க வரம்பு லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை.

எழுந்து போவதற்கு முன்

அம்மோனியாவில் கரைத்த வெள்ளிக் கரைசலை அப்படியே குழாயில் விட்டுப்போகாதீர்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று மூடியும் வைக்காதீர்கள். நாளானால் வெடிக்கக்கூடிய கருநிறப் பொருள் அதில் உருவாகலாம். அன்றைக்கே நீர்த்த நைட்ரிக் அமிலம் விட்டு அமிலமாக்கி, வெள்ளிக் கழிவுக்கென்று வைத்திருக்கும் பாட்டிலில் ஊற்றுங்கள். ஹெக்சேன் அடுக்கு கரிமக் கழிவு பாட்டிலுக்கு, சிங்குக்கு அல்ல. சுவரில் அயோடின் கறை பிடித்த குழாய்களில் ஹைப்போ கரைசல் கொஞ்சம் விட்டால் கறை கண்முன்னே மறையும். விரலில் வந்த கருப்புப் புள்ளியை மட்டும் ஒன்றும் செய்ய வேண்டாம். சோப்புக்குப் போகாது. ஒரு வாரம் பத்து நாளில் தோல் உதிரும்போது அதுவும் சேர்ந்து போய்விடும்.